பரணில் இருந்து இறக்கியவை

எங்கள் வீட்டுப் பரணில் மடித்து வைக்கப்பட்டிருந்த நீலத் தறப்பாளைக் கடந்த வைகாசியில் கீழே இறக்கினேன். வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் சடங்குக்கு முன்னர் வீடு வாசலைக் கழுவித் துப்புரவாக்குவது இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள எங்கள் காரைதீவில் வழக்கம் என்றாலும், பரண்வரை யாருடைய கையும் போவதில்லை. இருபது வருடங்கள் அங்கேயே கிடந்த அந்தத் தறப்பாளை வளவுக்குக் கொண்டுவந்து முதல் மடிப்பைப் பிரித்தேன். மடிப்பு விழுந்த கோடு வழியே அது தானாகவே இரண்டாகப் பிளந்தது. விரல் பட்ட இடமெல்லாம் காய்ந்த வாழைச்சருகு போல நொறுங்கி, நகத்தின் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் நீலச் செதில்களாக வெள்ளை மணலில் கொட்டியது. கோழியும் அதன் ஏழு குஞ்சுகளும் தீன் போட்டதாக எண்ணி ஓடி வந்து கொத்தத் தொடங்கின.

கோழிகளைத் துரத்திவிட்டு, குசினியில் இருந்து மாவரிக்கும் அரிதட்டை எடுத்து வந்து, அந்த இடத்து மணலை அள்ளி அள்ளி அரித்தேன். மாளிகைக்காட்டுப் பள்ளிவாசலில் மாலை மஃரிப் பாங்கு சொல்லும்வரை முழங்காலில் நின்று அரித்தும், அரிதட்டின் கண்ணைவிடச் சிறிய துகள்கள் மணலோடு போய்விட்டன. தறப்பாள் என்பது பொலித்தீன் நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்து செய்யப்படுவது. வெயிலின் புறஊதாக் கதிரும் ஓட்டுக்கூரையின் சூடும் அந்த நாடாக்களைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகின்றனவே தவிர, அவற்றை மண்ணாக்கிவிடுவதில்லை. பயன்படுத்தாமல் பத்திரப்படுத்தி வைத்ததால்தான் அது அந்த நிலைக்கு வந்தது என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. பத்து வருடங்களுக்கு முன்னர் இறக்கியிருந்தால், யாராவது ஒருவரின் நெல் காயவைக்கும் களத்தில் அது விரிக்கப்பட்டிருக்கும்.

வீட்டை ஒதுக்குவது என்று சொல்லும்போது ஒரு பொருளை வீட்டில் இருந்து வெளியேற்றுவதையே அதுவரை நான் நினைத்திருந்தேன். வெளியேறிய பொருள் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் அறிந்துகொண்டுதான் இனி எதையும் படலையைத் தாண்ட விடுவது என்று அன்று இரவு முடிவு செய்தேன். இந்தப் பதிவு அந்த முடிவுக்குப் பின்னர் வந்த ஏழு மாதங்களைப் பற்றியது.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. அம்மம்மா இருந்த வீட்டை அம்மாவுக்கும், அம்மா இருந்த வீட்டை எனக்கும் சீதனமாக எழுதித் தருவதும், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வதும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே பொதுவான வழமை. ஆகவே எங்கள் வீடுகள் இடம்பெயர்வதில்லை. வீட்டுக்குள் இருப்பவையும் இடம்பெயர்வதில்லை. அம்மம்மாவின் வெற்றிலை வட்டா, அம்மாவின் தையல் இயந்திரம், என்னுடைய பாடசாலைப் பை என்று மூன்று தலைமுறையின் சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகின்றன. வீடு மாறும் குடும்பங்களுக்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தானாக நடந்துவிடும் கழிப்பு எங்களுக்கு நடப்பதே இல்லை.

அதற்கு மேல், 2004 டிசம்பர் 26. இந்த நாட்டில் சுனாமியினால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் முழங்கால் அளவோடு நின்றது; கடற்கரையோரமாக இருந்த பெரியம்மாவின் வீடு அத்திவாரத்தோடு போனது. பெரியம்மாவின் குடும்பம் எட்டு மாதங்கள் எங்கள் வளவில், அந்த நீலத் தறப்பாளின் கீழே இருந்தது. "அக்காட பிள்ளைகள மழையில காத்தது இதுதான் மகள், இத எப்பிடி எறியிற?" என்று அம்மா கேட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஓர் இரவில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களைக் கண்ட ஊரில், மூடியில்லாத ஒரு போத்தலைக்கூட ஒருவர் எடுத்து வைப்பதை வெறும் ஆசை என்று சொல்லிவிட முடியாது. வீட்டை ஒதுக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அம்மா வயலுக்கோ கோயிலுக்கோ போன நேரம் பார்த்துப் பொருட்களை அப்புறப்படுத்துவது வீட்டைத் துப்புரவாக்கும், ஆனால் அம்மாவின் மனத்தில் ஒரு காயத்தை ஏற்படுத்தும்.

அந்தப் பிழையை நான் 2018இல் செய்தேன். அம்மா வைத்தியசாலையில் இருந்த ஒரு வாரத்தில் சாமான் அறையை ஒதுக்கி, பதினொரு உரப்பைகளில் கட்டி, குப்பை எடுக்க வந்த உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். உடைந்த கதிரை, ஐஸ்கிறீம் பெட்டிகள், பழைய மருந்துகள், ரேடியோ, பற்றரிக்கட்டைகள், பொலித்தீன், அழுகிய தேங்காய் ஆகியவை எல்லாம் ஒரே பைகளுக்குள் போயின. அறை வெறுமையானது, எனக்கு நெஞ்சும் இலேசானது. அம்மா வந்து மூன்று நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

2022 ஜனவரியில் பள்ளக்காட்டுச் செய்தி வந்தது. எங்கள் மாவட்டத்துக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் கழிவுகளைத் தின்ற இரண்டு யானைகள் அந்த வார இறுதியில் இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு வருடங்களில் அங்கே இப்படி இறந்த யானைகள் ஏறத்தாழ 20 என்றும், சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்படுகிறது என்றும் செய்திகள் கூறின. உடலை வெட்டிப் பார்த்த கால்நடை வைத்தியர், வயிற்றில் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும் மட்டுமே இருந்தன என்றும், யானை வழக்கமாகத் தின்னும் தீனி எதுவும் காணப்படவில்லை என்றும் சொல்லியிருந்தார். யானை பொலித்தீனை விரும்பித் தின்பதில்லை. சோறும் பழத்தோலும் கறி மிச்சமும் பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருப்பதால், உணவின் வாசத்துக்கு வரும் யானை பையோடு சேர்த்து விழுங்குகிறது. நான் கட்டிய பதினொரு உரப்பைகளில் எத்தனை முடிச்சுகள் இருந்தன என்று அன்று எண்ணிப் பார்த்தேன். இன்றும் அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அதனால் கடந்த வைகாசியில் தொடங்கிய வேலையில், நான் செய்த முதல் மாற்றம் குசினியில்தான் நடந்தது. உணவுக் கழிவு எந்தப் பைக்குள்ளும் கட்டப்படுவதில்லை. வளவின் மூலையில் கம்பி வலையை வட்டமாக நிறுத்தி, அதற்குள் மீன் செதிலும் மரக்கறித் தோலும் ஒரு பங்கென்றால் உலர்ந்த சருகு இரண்டு பங்காக மாறி மாறிப் போட்டு, மேலே கிடுகால் மூடி வைக்கிறேன். சருகு குறைந்தால் நாறும், ஈ மொய்க்கும். சருகு போதுமானதாக இருந்தால் மீன் கழிவுகூட மணம் இல்லாமல் மக்கிவிடுகிறது. எங்கள் மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது என்பதால், மூன்று மாதங்களில் கிடைத்த அந்தக் கறுப்பு எரு கத்தரிப் பாத்திக்குப் பெரிய உதவியாக இருந்தது. உணவுக் கழிவு நீங்கியதும் மற்றக் கழிவுகள் எல்லாம் காய்ந்து, நாற்றமில்லாமல், பிரித்து எடுக்கத் தக்கதாகிவிட்டன. நமது நாட்டில் உக்கக்கூடியதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் மண்ணிறம் என்று தொட்டிகளுக்கு நிறம் வகுக்கப்பட்டிருக்கிறது. நான் நிறத் தொட்டிகள் வாங்கவில்லை. இருந்த உரப்பைகளிலேயே நிறத் துணியைக் கட்டிவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு ஆசிரியராக அமைந்தவர் பழைய சாமான் எடுக்க வரும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்). சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஒழுங்கையால் வருபவர். முன்னரெல்லாம் படலையில் நின்று போத்தலைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். இந்த முறை அவரை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து, எதை எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள், எடுத்தவை எங்கே போகும் என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைக் காட்டினார். 1 என்றால் தண்ணீர்ப் போத்தல், 2 என்றால் எண்ணெய்க் கான், 5 என்றால் ஐஸ்கிறீம் பெட்டி. இவற்றை வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. 6 என்று இருக்கும் யோகட் கோப்பையும், பொருட்கள் உடையாமல் பொதி செய்யும் வெள்ளை நுரைத் தகடான ரெஜிபோமும் அவருடைய பெட்டியில் ஏறுவதில்லை. இலக்கம் தெரியாதவற்றைக் கையால் மடித்து, நகத்தால் கீறி, சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுகிறார்.

"தங்கச்சி, கழுவி மூடியக் கழட்டித் தந்தா எனக்கு அரைநாள் வேல மிச்சம்" என்றார். எண்ணெய்ப் பிசுக்கோடு கொடுத்த ஒரு கான், சேர்த்து வைத்த மற்றவற்றையும் கெடுத்து, விலையைக் குறைத்துவிடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். மின்சார வயர்க் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தபோது, அதை மடியில் வைத்துக்கொண்டு சிறிய கத்தியால் நீளவாக்கில் கீறி, செப்புக் கம்பியை உருவிக் காட்டினார். நெருப்பில் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் புகை நெஞ்சைக் கட்டிவிடும் என்பதால் தான் எரிப்பதில்லை என்றார். வயரின் மேலுறை பிவிசி என்ற பிளாஸ்டிக் என்பதையும், அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட்டு, டயொக்சின் என்ற நச்சுகள் வெளியேறும் என்பதையும் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் தன் சுவாசத்தால் அறிந்து வைத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குக் கொடுப்பவற்றுக்கு நான் விலை பேசுவதில்லை. ஓர் ஊரின் குப்பையில் பயன்படக்கூடியதை எல்லாம் பள்ளக்காட்டுக்குப் போகாமல் மறித்து நிற்பவர் இவரைப் போன்றவர்தான்.

எரிப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மாலையில் வளவைக் கூட்டி, சருகோடு சொப்பிங் பையையும் சேர்த்துக் கொளுத்துவது எங்கள் ஊரில் நாளாந்தக் காட்சி. திறந்த வெளியில் பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பையை எரிப்பது 2017 செப்டம்பர் முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. புதைப்பதும் தீர்வு அல்ல. மலைநாட்டின் களிமண்ணில் புதைப்பதும் இங்கே புதைப்பதும் ஒன்றாகாது. எங்களுடையது கடல் மணல். நான்கைந்து முழம் தோண்டினால் தண்ணீர். மழை பெய்தால் குழிக்குள் இருப்பதன் சாறு நேராக நிலத்தடி நீருக்குள் இறங்கி, அடுத்த வளவின் கிணற்றுக்கும் போகும். சுனாமிக்குப் பின்னர் உப்பேறிய கிணறுகளை இறைத்து இறைத்து, நல்ல தண்ணீருக்காகப் பல மழைக்காலங்கள் காத்திருந்தவர்கள் நாங்கள். காலாவதியான மாத்திரைகளையும் பூச்சிகொல்லிப் போத்தலையும் அதே மணலுக்குள் எப்படி இறக்குவது? மருந்துகளை ஒரு டப்பாவில் சேர்த்து, தெரிந்த மருந்தாளர் ஒருவரிடம் கேட்டு, அவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்த பிறகே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உடுப்புகளில்தான் அதிக நாட்கள் தங்கினேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் இலகுவாகச் சொல்வார்கள். 2005 தையில் எங்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு மலையளவு உடுப்பு கொட்டிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள், குதி உயர்ந்த ஒற்றைச் செருப்புகள், பொத்தான் இல்லாத காற்சட்டைகள் எல்லாம் அதில் இருந்தன. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த பெண்கள் அந்தக் குவியலைக் கிளறி, உடுத்தக்கூடிய ஒரு சேலைக்காகத் தேடினார்கள். பிறகு பெய்த மழையில் அந்தக் குவியல் நனைந்து பூஞ்சணம் பிடித்து, ஊரே அள்ள வேண்டிய குப்பையானது. நல்ல மனத்தோடு அனுப்பியவர்கள்தான் அனுப்பியிருப்பார்கள். ஆயினும் அதைக் கண்ட எனக்கு, கேட்காமல் கொடுக்கும் கை வருவதில்லை. இந்த முறை ஒவ்வோர் உடுப்பையும் துவைத்து, பொத்தான் தைத்து, அயலில் இன்ன வயதுப் பிள்ளைக்கு வேண்டுமா என்று தாயிடம் தனியாகக் கேட்டு, வேண்டும் என்றால் மாத்திரம் கொடுத்தேன். அப்பாவின் மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள் நைந்திருந்தாலும் பருத்தி நூல் என்பதால் கிழித்துக் குசினித் துணியாக்கினேன். தண்ணீரை அவை உறிஞ்சுவது போலக் கடையில் விற்கும் எதுவும் உறிஞ்சுவதில்லை. பொலியஸ்டர்ச் சேலைகள்தான் எதற்கும் உதவவில்லை. ஐந்தாறை மடித்து அடுக்கி, நடுவில் பழைய பஞ்சை வைத்துத் தைத்து, கதிரைக்கு மெத்தை செய்திருக்கிறேன்.

மாரிக்கு முன்னர் வெளி வேலைகளை முடித்தாக வேண்டியிருந்தது. ஐப்பசியில் மழை பிடித்தால் கிணற்றடியில் கிடக்கும் சிரட்டை, டயர், வாளி, பூச்சாடித் தட்டு எல்லாம் நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். டெங்கு நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கிறது. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவ வேண்டும். உடைந்த வாளிகளும் கைபிடி போன பேசின்களும் மொத்தம் பதினாறு. நான்கின் அடியில் துளையிட்டுக் கீரை நட்டோம். மற்றவை காக்காவிடம் போயின.

இலத்திரனியல் பொருட்களுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. பழைய வயிறு பெருத்த தொலைக்காட்சிப் பெட்டியை உடைத்தால் உள்ளே செப்புச் சுருள் கிடைக்கும் என்று வாங்கிப் போக வேறொருவர் ஆயத்தமாக இருந்தார். அதன் கண்ணாடிக் குழாயின் பின்பகுதியில் ஈயம் கலந்திருக்கிறது. செப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை எந்தப் பற்றைக்குள் போடுவார் என்று அவரால் எனக்குச் சொல்ல முடியவில்லை. ஆகவே கொடுக்கவில்லை. சுருள் மின்குமிழ்களுக்குள் சிறிதளவு பாதரசம் இருப்பதால் அவற்றை உடையாமல் மட்டைப் பெட்டியில் அடுக்கினேன். அப்பாவின் பழைய 12 வோல்ட் பற்றரியை அமிலத்தைக் கொட்டாமல் அப்படியே புதிய பற்றரி விற்கும் கடையில் கொடுத்தேன். மிகுதியை எல்லாம் ஒரே பெட்டியில் வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் உரிமம் பெற்ற சேகரிப்பாளர் ஒருவர் எங்கள் பக்கம் வரும்வரை நான்கு மாதங்கள் சாமான் அறையிலேயே வைத்திருந்தேன். வீடு அந்த நான்கு மாதங்களும் அழகாக இருக்கவில்லை. ஒரே வார இறுதியில் வீட்டை வெறுமையாக்கிக் காட்டும் படங்களைக் கைபேசியில் பார்க்கும்போது, அவர்களுடைய தொலைக்காட்சிப் பெட்டி எங்கே போயிற்று என்றுதான் இப்போது நினைக்கத் தோன்றுகிறது.

கடதாசி இலகுவாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பழைய பத்திரிகையும் அப்பியாசக் கொப்பியும் காக்காவுக்கு உரியவை. முதலில் வைக்கோலில் இருந்தும் பின்னர் கழிவுத் தாளில் இருந்தும் காகிதம் செய்த வாழைச்சேனை ஆலை நம் மாகாணத்திலேயே இருப்பதால், தாள் மறுபடி தாளாகும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் தகரப் பெட்டியின் அடியில் கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றும், பாடசாலை மலர்கள் மூன்றும், ஊரில் காலமான பெரியவர்களின் நினைவு மலர்கள் இருபதுக்கு மேலும் இருந்தன. கறையான் ஓரங்களைத் தின்றிருந்தது. ஒரு நினைவு மலரில், காலமானவரின் தாய்வழிக் குடி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழ்ந்த வளவு, செய்த தொழில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஊரைப் பற்றி வேறெங்கும் எழுதப்படாத விபரங்கள் அவை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்தி (படியெடுத்துக் கணினியில் சேமித்து) வரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் தேடியபோது, எங்களிடம் இருந்தவற்றில் சில அங்கே இல்லை. அவற்றைத் துடைத்து, வேப்பிலையோடு கட்டி, எண்ணிமப்படுத்தக் கொடுப்பதற்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒதுக்குகிறவர் கையில் எதைக் கழிப்பது என்ற பொறுப்போடு, எதைக் கழித்தால் மீண்டும் கிடைக்காது என்ற பொறுப்பும் இருக்கிறது.

வைகாசியில் இருந்து மார்கழிவரை இப்படி ஒவ்வொன்றாகப் போன பிறகு, யாருக்கும் வேண்டாத ஓர் உரப்பை மிஞ்சியது. ஷம்பூப் பக்கற்றுகள், பிஸ்கற் உறைகள், சோறு சுற்றும் லஞ்ச் சீற், யோகட் கோப்பைகள், அரித்தெடுத்த நீலச் செதில்கள் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. அதைச் சாமான் அறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். சிறிய பக்கற்றுகளுக்கு 2021இலும், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சு குழாய் போன்றவற்றுக்கு 2023இலும் தடை வந்தது. 2025 நவம்பரில் இருந்து பெரிய கடைகளில் பைக்குக் காசு வாங்குகிறார்கள். ஆயினும் அந்த உரப்பை நிரம்பும் வேகத்தைக் குறைத்தது சட்டத்தைவிட, கதவைத் திறக்கும்போதெல்லாம் அது என் தோளில் இடிப்பதுதான். இப்போது கல்முனைச் சந்தைக்குப் பன் புல்லில் இழைத்த பையையும், மீனுக்கு மூடியுள்ள அலுமினியச் சட்டியையும் கொண்டு போகிறேன். மீன்காரர் முதல் நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் நாள் தானே சட்டியை வாங்கித் தராசில் வைத்து, அதன் நிறையைக் கழித்தார்.

அம்மாவோடு இந்த முறை சண்டை இல்லை. ஒவ்வொரு பொருளையும் அவரிடம் கொண்டுபோய், இது இன்ன இடத்துக்குப் போகிறது என்று சொன்னேன். போகும் இடம் தெரிந்த பொருளை விடுவது அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. நாற்பது பேருக்குச் சோறாக்கும் அம்மம்மாவின் பித்தளைக் கிடாரத்தைத் தானாகவே கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுக்கச் சொன்னார். சுனாமி நேரம் வந்த வெள்ளை வாளி ஒன்றை மட்டும் தரவில்லை. அதில் அச்சிட்டிருந்த எழுத்து முழுவதும் அழிந்து, பிடி இற்றுப்போய், கம்பிக்குப் பதில் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. காலையில் அம்மா அதில் தண்ணீர் அள்ளி, முருங்கைக்கும் கத்தரிப் பாத்திக்கும் ஊற்றிவிட்டு, கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைக்கிறார்.